கிறிஸ்துமஸ் ஹாம்: குக்கரா, ஓ.டி.ஜி.யா?

டிசம்பர் 10, மாலை 6.15 – கோத்தகிரி மருமகள்

இந்த வருடம் கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்கள் வீட்டில். எப்போதும் போல மட்டன் பிரியாணி வேண்டாம், உப்பில் ஊறிய பன்றித்தொடையான ஹாம் வைக்கலாம் என்று வீட்டுக்காரர் பெங்களூரு போனபோது ஒரு கோல்டு ஸ்டோரேஜில் வாங்கிவந்துவிட்டார். எலும்போடு மூன்றரை கிலோ. உறைந்துபோய் ஃப்ரீசரை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மேலே கட்டம் கட்டமாகக் கீறி, பாகு பூசி, பளபளவென்று மேஜைக்கு வரவேண்டுமாம். அத்தை ஆறு விசில் விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, இந்தக் குளிரில் ஹாமெல்லாம் வேகாது என்கிறார். என்னிடம் இருப்பது கேக் சுடுகிற சின்ன மின்சார ஓவனான ஓ.டி.ஜி. பன்னிரண்டு பேர் வருகிறார்கள். செய்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டிசம்பர் 10, இரவு 9.40 – பழைய பட்லர், குன்னூர்

குக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். ஆறு விசில் விட்டால் நார்நாராகப் பிரிந்துவிடும், பிறகு ஊறுகாய்தான் போடவேண்டும்.

முதலில் கவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடையில் ஹாம் என்று விற்பது எல்லாம் ஒன்றல்ல. உப்பில் ஊறியது ஆனால் வேகாதது ஒன்று. புகை போட்டது, ஆனாலும் வேகாதது இன்னொன்று. முழுக்க வெந்தது மூன்றாவது, 'ஃபுல்லி குக்டு' என்று போட்டிருப்பார்கள். வெந்ததாக இருந்தால் உங்கள் வேலை சமையலே இல்லை. உள்ளே காயாமல் சூடாக்கி மேலே மெருகு போடுவது, அவ்வளவுதான். வேகாததாக இருந்தால் கணக்கே வேறு. நிறத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். ஹாமில் சேர்க்கிற நைட்ரைட் உப்பினால் எவ்வளவு வெந்தாலும் அது இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு பேருக்கு எலும்போடு மூன்றரை கிலோ என்றால், கூடவே ஒரு கோழிக்கறி இருந்தால் தாராளம்.

டிசம்பர் 11, காலை 7.05

இன்னொன்று. இன்றே ஓ.டி.ஜி.யின் உள் அளவை இஞ்சு டேப்பால் எடுங்கள், பன்றிக்காலையும் கவரோடு அளந்துகொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் அன்று காலையில் கணுக்கால் எலும்பு கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் ஒன்றும் செய்யமுடியாது. இடிக்கும் என்று தெரிந்தால் உறைந்திருக்கும்போதே கறிக்கடையில் கொடுத்து ரம்பம் போட்டு அந்த முனையை அறுத்துவிடுங்கள். வெட்டிய துண்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

டிசம்பர் 11, பிற்பகல் 2.30

முழுக்க வெந்தது என்று எழுதியிருக்கிறதாம். நல்லது, பாதிக் கவலை போச்சு.

உறைந்த ஹாமை இளக்குவது பற்றி. ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு ஆழமான தட்டில் வையுங்கள். கிலோவுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். 22-ஆம் தேதி இரவே எடுத்தால்தான் 24-இல் கத்தி இறங்கும். 'நம்ம ஊர் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு, ஜன்னலோரம் வைத்தால் போதாதா' என்று மாமியார் கேட்பார். வைக்கக்கூடாது. வெளியே புல்லில் உறைபனி விழுந்தாலும் அடுப்பு எரிகிற வீட்டுக்குள் அந்தக் குளிர் கிடையாது; மதிய வெயில் ஜன்னலில் அடித்தால் இன்னும் மோசம்.

டிசம்பர் 12, இரவு 10.20

'ஹாம் வேகாது' என்று சொன்ன அக்காவுக்கு.

அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் காரணம் குளிர் அல்ல, மலையின் உயரம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று குதிக்கும். குன்னூர், கோத்தகிரியில் 94 வாக்கில். அந்தச் சூட்டில் பருப்பு மசிவேனா என்று அடம்பிடிக்கும், ராஜ்மாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். மலையில் குக்கர் இல்லாத வீடு இல்லை என்பது இதனால்தான். குக்கரின் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைச் சேர்க்கும். ஆகவே ஊட்டிக் குக்கருக்குள் சென்னைக் குக்கரின் சூடு வராது, ஒன்றிரண்டு விசில் கூடத்தான் விடவேண்டும்.

ஆனால் ஹாமுக்கு 94 டிகிரியே அதிகம். இறைச்சியின் நடுவில் 60-லிருந்து 74 டிகிரிக்குள் வந்தால் போதும். அதைக் கொதிக்க வைப்பதே தவறு. தண்ணீரில் போட்டு வைப்பதானால் மேலே ஒரு குமிழி, இரண்டு குமிழி எட்டிப் பார்க்கிற அளவு நெருப்புத்தான். ஓவனுக்கோ மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. 160-இல் வைத்தால் கோத்தகிரியிலும் 160, கோயம்புத்தூரிலும் 160.

டிசம்பர் 13, காலை 11

உப்பு எவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார். ஹாம் இளகியதும் ஓரத்தில் சிறு துண்டு சீவி, தோசைக்கல்லில் வாட்டி வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜிலேயே ஊறவிடுங்கள். இப்போது வருகிற மிருதுவான ஹாமுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. நான் எஸ்டேட் பங்களாவில் வேலை பழகிய காலத்தில் துணி சுற்றித் தொங்கவிட்ட ஹாம் வரும். அதை ஊறவைக்காமல் சமைத்தால் கருவாடு தோற்றது. ஊறவைத்து, மெல்லக் காய்ச்சி, தோலை உரித்து, பிறகுதான் ஓவன். பெரிய பட்லர் ஊறிய தண்ணீரை நக்கிப் பார்த்துத்தான் அடுத்த வேலையைச் சொல்வார்.

அந்தத் துரைமார் வீடுகளில் கிறிஸ்துமஸ் மதியத்துக்கு ராஜா வான்கோழிதான், கிடைக்காவிட்டால் கோழி. ஹாம் பக்கத்தில் நிற்கும். மறுநாள் காலை ஆறிய துண்டுகளாக, கடுகுப் பேஸ்டோடு அதற்கு மரியாதை. நடு மேஜையில் பாகு பூசிய ஹாமை உட்காரவைப்பது அமெரிக்கப் பழக்கம்.

டிசம்பர் 14, மாலை 5.50

இப்போது பாகு. எல்லோரும் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

எல்லாப் பாகுக்கும் மூன்று சாமான்: இனிப்பு, புளிப்பு, காரம். உங்கள் அளவுக்கு 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, இரண்டு மேஜைக்கரண்டி கடுகுப் பேஸ்ட், மூன்று மேஜைக்கரண்டி ஆரஞ்சுச் சாறு அல்லது வினிகர், தட்டிய மிளகு ஒரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. உப்பு போடவே வேண்டாம். சின்ன வாணலியில் சிறு தீயில் வைத்துக் கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிற பதத்தில் இறக்குங்கள். கம்பிப் பதம் வரை போனால் ஆறியதும் கண்ணாடித் துண்டாகப் பெயர்ந்து வரும்.

வெள்ளைச் சர்க்கரையும் ஆகும், பளபளப்பு வரும், சுவை தட்டை. கருப்பட்டி மட்டும் போட்டால் கறுத்துக் கசப்பு தட்டும்; கால் பங்கு சேர்த்தால் அருமை. மலைத்தேன் சேர்ப்பவர்கள் சர்க்கரையில் பாதியை எடுத்துவிட்டுச் சேருங்கள். தேன் சீக்கிரம் சிவந்து சீக்கிரமே கருகும்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது, மே, ஜூனில் பிளம்ஸ் இறங்கும்போது போட்டு வைக்கிற ஜாம். நம் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிளம்ஸில் தோலோரத்தில் ஒரு புளிப்பு இருக்கும். ஒரு கப் ஜாம், கடுகு, மிளகு, கொஞ்சம் வினிகர். சர்க்கரையே வேண்டாம். அத்தையின் அலமாரியில் ஒரு பாட்டில் இல்லாமலா இருக்கும்?

முக்கியமான விஷயம்: பாகைக் கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில்தான் பூசவேண்டும். முதலிலேயே பூசினால் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை கரியாகி, உள்ளே இன்னும் சில்லென்று இருக்கும்.

டிசம்பர் 14, மாலை 6.30

கீறுவது எப்படி என்று சொல்லாமல் விட்டேன். தோல் இருந்தால் விரலைக் கொடுத்து நெம்பினால் ஒரு பக்கத்திலிருந்து கழன்று வரும். உள்ளே வெள்ளையாகக் கொழுப்பு. அதை அரை சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு மிச்சத்தைச் சீவுங்கள். பிறகு கூர்மையான சின்னக் கத்தியால் சாய்வாக இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, எதிர்ச்சாய்வில் இன்னொரு கோடு. கத்தி கொழுப்போடு நிற்கவேண்டும். சதையில் இறங்கினால் சாறு எல்லாம் தட்டுக்குப் போய்விடும். சூட்டில் கொழுப்பு சுருங்கும்போது கட்டங்கள் தானே விரிந்து, ஓரங்கள் எழும்பி, இடுக்கில் பாகு தங்கும். படத்தில் பார்க்கிற அழகு அதுதான்.

கட்டத்துக்குக் கட்டம் கிராம்பு குத்துவார்கள். எனக்கு உடன்பாடில்லை. பல்லில் ஒன்று மாட்டினால் விருந்தாளி அந்த வேளை முழுக்க வேறு ருசி அறியமாட்டார். குத்தியே ஆகவேண்டும் என்றால் பத்துப் பதினைந்து, வெட்டும்முன் பிடுங்கிவிடுங்கள். கிராம்பு வாங்குவதானால் மலை இறங்கும்போது பர்லியாரில் பாருங்கள். அங்கேயே விளைகிறது, ஜாதிக்காயும் கிடைக்கும். மங்குஸ்தான் பருவத்தில் போனால் கிராம்பு வாங்கப் போனதே மறந்துவிடும்.

டிசம்பர் 15, இரவு 8.15

கொடைக்கானல் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஊரில் ஹாம் என்றால் மேலே அன்னாசி வளையம், வளையத்தின் நடுவில் செர்ரி, அதைச் சொல்லாமல் விட்டது அநியாயம் என்று. 1845-இலேயே மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் வெயிலுக்குத் தப்பி அங்கே வீடு கட்டியவர்கள்; அமெரிக்கச் சமையல் அந்த மலையில் ஊறியிருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் செர்ரி எனக்குப் பிறந்தநாள் கேக்கை நினைவுபடுத்துகிறது. மன்னிக்கவும்.

டிசம்பர் 15, இரவு 9

யோசித்துப் பார்த்தால் அன்னாசியில் ஒரு நியாயம் இருக்கிறது. உப்புக்கும் கொழுப்புக்கும் எதிரே ஒரு புளிப்பு வேண்டும்தானே. ஆனால் டின் அன்னாசியும் பச்சை அன்னாசியும் ஒன்றல்ல. பச்சையில் புரோமலைன் என்று ஒரு என்சைம், அது இறைச்சியின் புரதத்தை அரித்துக் கூழாக்கிவிடும். டின்னில் அடைக்கும்போது சூடாக்குவதால் அது செத்துவிடுகிறது. ஆகவே பழம் வாங்கிச் செய்பவர்கள் சாற்றையும் வளையத்தையும் ஒரு கொதி விட்டே சேருங்கள்.

கொடைக்காரர்களுக்கு நான் சொல்வது பேஷன் ஃப்ரூட். உங்கள் வேலியிலேயே காய்க்கிறது. விதையை வடித்துவிட்டுச் சாற்றை நாட்டுச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சினால் அன்னாசி பக்கத்தில் நிற்காது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கமலா ஆரஞ்சு கிடைத்தால் தோலையும் மெல்லிசாகச் சீவிப் போடுங்கள்.

டிசம்பர் 17, பிற்பகல் 1.10

'கடையில் வாங்குவானேன், பன்றிக்கால் வாங்கி நாமே போட்டால் என்ன? வெடியுப்பு எங்கே கிடைக்கும்?' என்று கூடலூரிலிருந்து ஒருவர்.

கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? முழுக்காலில் உப்பு எலும்பு வரை இறங்க அதற்கே ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். வெடியுப்பு என்பது நைட்ரேட். அது உள்ளே போய்க் கிருமிகளால் நைட்ரைட்டாக மாறித்தான் வேலை செய்யும், எவ்வளவு மாறும் என்பது நம் கையில் இல்லை. இப்போது 6.25 சதவீதம் நைட்ரைட் கலந்த உப்பு விற்கிறார்கள், ஒரு கிலோ கறிக்கு இரண்டரை கிராம் கணக்கு. உப்புநீரில் ஊறப்போட்டால் கறியையும் தண்ணீரையும் சேர்த்து எடைபோட்டு அந்தக் கணக்கு. கிராம் தராசு இல்லாமல் கண்மதிப்பில் போடுகிறவர்கள் இந்த வேலைக்கே வரவேண்டாம், நைட்ரைட் அளவு மீறினால் விஷம். பிறநாடுகளில் இதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி விற்பது, சாப்பாட்டு உப்பு என்று யாரும் குழம்பில் போட்டுவிடக் கூடாது என்றுதான்.

இந்த வருடம் பேசாமல் பச்சைக் காலையே ரோஸ்ட் செய்யுங்கள். தெரிந்த பண்ணையின் வெண்பன்றியாக வாங்குங்கள். வெறும் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, ஓவனில் நடுச்சதை 70 டிகிரி தொடும்வரை வையுங்கள். நாடாப்புழுப் பயம் உள்ள இறைச்சி, அதில் சமரசம் வேண்டாம். நிறம் சாம்பலாகத்தான் இருக்கும், ருசியும் ஹாம் ருசி இல்லை. ஆனால் இதே பாகு இதற்கும் அழகாகப் பொருந்தும்.

டிசம்பர் 18, காலை 8

பேக்கரி விறகடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இந்த வாரம் பேக்கரி வாசலில் வீட்டுக்கு வீடு கேக் டின்னோடு நிற்பார்கள். அந்த அடுப்பில்தான் வர்க்கியும் வேகிறது. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் வாங்குகிற பண்டம். கடைக்காரர் முகத்துக்காக மறுக்கமாட்டார், சங்கடப்படுவார்.

டிசம்பர் 20, இரவு 9.30

ஓ.டி.ஜி. கணக்கு. ஒரு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

காலை 9-க்கு ஹாமை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துக் கீறிவிடுங்கள். 9.45-க்கு 160 டிகிரியில், கொழுப்புப் பக்கம் மேலாக, தட்டில் ஒரு கப் தண்ணீரோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றி, ஃபாயிலால் இறுக்கமாக மூடி உள்ளே. கிலோவுக்கு முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். 12 மணி வாக்கில் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள், முனை எலும்பில் படக்கூடாது. தொழிற்சாலையில் அடைத்த கவர் அப்படியே இருந்ததென்றால் 60 டிகிரி போதும். கடையில் அறுத்து மறுபடி கட்டிக் கொடுத்ததென்றால் 74 வரை போகவேண்டும். அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிற அளவு இது, நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். பிறகு ஃபாயிலை எடுத்து, பாகில் பாதியைப் பூசி, சூட்டை 200-க்கு ஏற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மீதி. இன்னும் பத்து நிமிடம். இந்த இருபது நிமிடமும் ஓவன் முன்னாலேயே நில்லுங்கள். ஓ.டி.ஜி.யில் மேல்கம்பி கறிக்கு மிக அருகே இருக்கும், கண்ணசந்தால் ஒரு பக்கம் கறுத்துவிடும். கறுக்கிற இடத்தில் மட்டும் சின்ன ஃபாயில் துண்டு வையுங்கள். வெளியே எடுத்து இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒரு மணி ஆகிவிடும்.

கவனிக்க: ஓ.டி.ஜி. ஓடும்போது வீட்டில் யாரும் கீசர் போடக்கூடாது. ஓ.டி.ஜி. ஒன்றரை, இரண்டு கிலோவாட் இழுக்கும், கீசர் இரண்டு, மூன்று. டிரிப் ஆகும். மலையில் டிசம்பரில் வோல்டேஜும் லட்சணமாக இருக்காது. கோயிலுக்குப் போய்வந்து குளிக்கிறேன் என்கிறவர்களை முதல்நாள் இரவே எச்சரித்துவிடுங்கள்.

கரண்டே போய்விட்டால் பயப்படவேண்டாம். அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஹாம் முக்கால் முங்கத் தண்ணீர், இரண்டு பட்டை, ஒரு வெங்காயம், மூடி போட்டுச் சிறு தீ. சூடேறியதும் எடுத்துத் துடைத்து, கொழுப்புப் பக்கத்தை மட்டும் இரும்பு வாணலியில் கவிழ்த்துச் சிவக்கவைத்து, கொதிக்கிற பாகை மேலே ஊற்றுங்கள். கட்டங்கள் அவ்வளவாகத் தெரியாது. ருசியில் குறை இருக்காது.

டிசம்பர் 21, மாலை 4

பரிமாறுவது. நீளமான மெல்லிய கத்தி. கணுக்கால் பக்கத்திலிருந்து தொடங்கி எலும்புக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகள் போட்டுவிட்டு, பிறகு எலும்பை ஒட்டிக் கத்தியைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு இழுத்தால் எல்லாம் கழன்று விழும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்துச் சூடாக வையுங்கள். நம் குளிரில் பீங்கான் தட்டில் கொழுப்பு இரண்டு நிமிடத்தில் மெழுகாக உறைந்துவிடும்.

பக்கத்தில் என்ன? உருளையும் கேரட்டும் பீன்ஸும் வீட்டு வாசலில் விளைகிற ஊர், வேறென்ன வேண்டும். நூக்கலைத் துருவி எலுமிச்சை பிழிந்து வையுங்கள், கொழுப்புக்கு நல்ல மாற்று. சோறு இல்லாமல் எழுந்திருக்கமாட்டோம் என்பவர்களுக்கு நெய்ச்சோறு. பிரியாணி வேண்டாம், இரண்டும் மேஜையில் சண்டை போடும். மிளகு ரசம் வைத்தால் நான் சிரிக்கமாட்டேன், நானே வைப்பேன்.

பன்னிரண்டு பேரில் பன்றி சாப்பிடாதவர் யார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முஸ்லிம் நண்பர்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களிலேயே அட்வென்டிஸ்ட் சபையாரும் தொடமாட்டார்கள். அவர்களுக்கான கோழிக்கறி தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, மேஜையின் மறுமுனை. ஹாம் கத்தியால் கேக் வெட்டாதீர்கள்.

டிசம்பர் 24, இரவு 7.45

கடுகுப் பேஸ்ட் கிடைக்கவில்லையா? ஒரு கைப்பிடி மஞ்சள் கடுகை வினிகரில் ஊறவைத்துக் காலையில் மஞ்சள்தூளோடு மிக்சியில் அரையுங்கள். அரைத்ததும் காரம் ஏறும், பாகில் கொதித்தால் அடங்கிவிடும். போய்த் தூங்குங்கள்.

டிசம்பர் 26, காலை 10.30

பக்கத்து வீட்டு அக்காவே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்று படித்தேன். அத்தை என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். சரி, கேட்கவில்லை.

மீந்ததை எலும்பிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு நேற்றே ஃப்ரிட்ஜில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உப்புப் போட்டதுதானே கெடாது என்று மேஜையிலேயே மூடி வைப்பவர்கள் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை, வெட்டுகிற கையிலிருந்தே அது வரும். அது விட்ட நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததை விட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

டிசம்பர் 26, பகல் 12

எலும்புக்கு வருவோம். ரம்பம் போட்ட கணுக்கால் துண்டையும் சேர்த்து எடுங்கள். ஊறவைத்த பட்டர் பீன்ஸ் இரண்டு கப், எலும்பு, வெங்காயம், இரண்டு கேரட், மலைப்பூண்டு நான்கு பல், மிளகு. இங்கேதான் அத்தையின் குக்கர் வரவேண்டும். ஆறு விசில் அல்ல, எட்டே விடட்டும். திறந்து எலும்பில் ஒட்டிய சதையை உதிர்த்துப் போட்டு, பீன்ஸில் பாதியைக் கரண்டியால் மசியுங்கள். உப்பு கடைசியில், ருசி பார்த்தபிறகுதான். பெரும்பாலும் தேவையே இருக்காது. உரித்த தோலை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்: உப்பில் ஊறி வெந்த தோல் வறுத்தால் பொரியாது, ரப்பராகும். அதையும் இதே குக்கரில் போட்டு, பரிமாறும்முன் எடுத்துவிடுங்கள். பட்டர் பீன்ஸ் இல்லையென்றால் மொச்சையும் ஆகும்.